ஆண்கள் கோட்டிலிருந்து ஒரு மூடி

மூடி எறிவதில் எங்கள் றப்பர் தோட்டத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை. போர்நிறுத்தம் இருந்த காலத்தில் ஒரு சித்திரை வருடப்பிறப்புக்கு, மரத்தில் கட்டிய கூடைக்குள் பிளாஸ்டிக் மூடி எறியும் போட்டி வைத்தார்கள். ஆண்களுக்கு முப்பது தப்படி தள்ளிக் கோடு, பெண்களுக்குப் பதினைந்து. றப்பர் பால் வெட்ட மட்டும் இருவருக்கும் ஒரே கணக்கில்தான் மரம் கொடுப்பார்கள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் ஆம்பளைங்க கோட்டுலயிருந்தே எறியிறேன்" என்று போட்டி நடத்தியவரிடம் சொன்னேன். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் சிங்களக் கண்டக்டர் ஐயா அவர்.

"சரி நங்கி" என்று சிங்களத்தில் என்னைத் தங்கச்சியாக்கினார். "ரெண்டு தரம் எறியலாம். விழுந்தா எல்லாருக்கும் ஒரே கோடு. விழாட்டி இனி எந்த வருசமும் இந்தப் பேச்சு வேணாம்."

வரக்காப்பொல டவுன் கடைகளில் சேர்த்த மூடிகள் குவிந்து கிடந்தன. எல்லோரும் லேசான ஐஸ்கிரீம் மூடியை எடுத்துப் பக்கவாட்டில் சுழற்றி எறிந்தார்கள். கூடைக்கு முன்னால் நெருக்கமாக நின்ற இரண்டு மரங்களில் அது மோதி விழுந்தது. நான் மூடியைச் செங்குத்தாகப் பிடித்து, தலைக்கு மேலே கையை ஓங்கி, அந்த இடுக்கு வழியாகவே அனுப்ப நினைத்தேன். அப்படி எறிந்தால் மெல்லிய மூடி பாதி வழியில் மல்லாந்துவிடும். ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். வளையாமல் நின்றது தடித்த விளிம்புள்ள பெயின்ட் வாளி மூடிதான்.

முதல் எறி இடுக்கைத் தாண்டியது, கூடையையும் தாண்டிப் போனது. ஒரே சிரிப்பு. என் வீட்டுக்காரர் ஐஸ்கிரீம் மூடியோடு ஓடி வந்தார்.

"இத எடு. அது கனம்."

"அத நீங்களே வச்சுக்கங்க. மூடி நல்லாத்தான் போச்சு, என் கை வேகந்தான் கூடிருச்சு."

ஆனால் இன்னும் ஒரே எறிதான் மிச்சம். தோற்றால் எனக்கு மட்டுமா தோல்வி? அந்தப் பெயின்ட் மூடியையே எடுத்துவரச் சொல்லி வாங்கி, கொஞ்சம் வேகம் குறைத்து எறிந்தேன். இடுக்குக்குள் நேராகப் போய், சரிந்து, கூடைக்குள் டப்பென்று விழுந்தது.

கண்டக்டர் ஐயா பெண்களுக்குப் போட்ட கிட்டக் கோட்டைச் சப்பாத்துக் காலால் அழித்தார். அடுத்து பக்கத்து லய வீட்டு அக்கா சேலையைச் செருகிக்கொண்டு முப்பது தப்படிக் கோட்டில் போய் நின்றார். அவர் எறிந்தது மரத்தில் பட்டுக் கீழே விழுந்தது. கிட்ட வந்து எறியச் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை.