இடாப்பில் ஒரு சிவப்புக் கோடு

டிசம்பர் வந்தால் எனக்குத் துப்புரவுப் பைத்தியம் பிடித்துவிடும். கண்டியில் நான் படிப்பித்த பாடசாலையில், விடுமுறை விடுகிற நாளன்று தும்புத்தடியோடு மேசைமேல் ஏறி ஒட்டறை அடிப்பேன். அலுமாரியிலிருந்து சோக்குத் துண்டுகள், யாரும் கேட்டு வராத கொப்பிகள், எலி கடித்த வரைபடம் எல்லாம் வெளியே போகும். "மாப்பிள்ளை பார்க்க வருகினமோ?" என்று மற்ற ஆசிரியைகள் கேலி செய்வார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

கடைசி வேலை வரவு இடாப்பு. நீண்டநாள் வராத பிள்ளைகளின் பெயரைச் சிவப்புப் பேனையால் வெட்டி, ‘இடைவிலகல்’ என்று எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைக்கவேண்டும். மிச்சப் பெயர்களைப் புது இடாப்பில் ஏற்றவேண்டும்.

அந்த வருடம் என் உயர்தர வகுப்பில் அப்படி ஒரு பெயர் இருந்தது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கொழும்பில் குண்டு வெடித்த மறுநாள், அடையாள அட்டையை லயத்து வீட்டில் மறந்துவிட்டு வகுப்புக்கு வந்தவளைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். பிறகு தடுப்பு முகாம்.

நவம்பரில் அவளுடைய அப்பா வந்தார். கொழுந்து நிறுக்கிற இடத்திலிருந்து நேரே வந்திருக்கவேண்டும், காலில் சேறு காயவில்லை. கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"டீச்சரம்மா, இப்பவும் படிக்கிற புள்ளதான்னு பள்ளிக்கூடத்துல காயிதம் குடுத்தா விடுறத யோசிக்கிறோம்னு அங்க உள்ள ஐயா சொல்றாரு. பெரிய சார் ஜனவரியில தாறேன்னுட்டாரு. அதுவரைக்கும் புள்ள பேர மட்டும் வெட்டிறாதீங்க."

"ஓம் ஐயா, வெட்டமாட்டன். நீங்கள் யோசியாதேங்கோ" என்றேன்.

கடைசி நாள் வந்தது. மதியம் ஆசிரியர்கள் எல்லோரும் நுவரெலியாவுக்குச் சுற்றுலா போவதாக ஏற்பாடு. வான் வாசலில் நின்று ஹோர்ன் அடித்தது. மேசையில் இடாப்பு விரிந்து கிடந்தது. மூன்று பெயர்களை வெட்டினேன். அவளுடையது இரண்டாவது.

அவசரத்தில் மறந்துவிட்டேன் என்றுதான் பல வருடங்கள் எனக்கே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். அதற்கு முந்திய வாரம் பாடசாலை அதிபரின் அறையில் சிவில் உடுப்பில் இருவர் வந்திருந்து, "அந்தப் பிள்ளையின் வகுப்பாசிரியை யார்? யாழ்ப்பாணமா?" என்று விசாரித்துப் போயிருந்தார்கள். நான் யாழ்ப்பாணம்தான். முகாமில் இருக்கிறவளின் பெயரை என் கையெழுத்தோடு புது வருடத்துக்குக் கொண்டுபோகப் பயந்தேன். அலுமாரியைப் பூட்டிவிட்டு ஓடிப்போய் வானில் ஜன்னல் பக்கம் இடம் பிடித்தேன்.

நுவரெலியாவில் இரண்டு நாள். வாவியில் படகு விட்டோம், குளிரில் பற்கள் அடிக்க அடிக்கப் பாட்டுப் படித்தோம். அந்தப் படங்களில் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருக்கிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு அருவருப்பு வருகிறது.

ஜனவரியில் அதிபர் சொன்னபடி கடிதம் கொடுத்தார். அதைச் சரிபார்க்க முகாமிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். இடாப்பைக் கேட்டார். சிவப்புக் கோட்டில் விரலை வைத்து, தமிழிலேயே, "உங்க பள்ளிக்கூடமே வேணாம் சொல்லி வெட்டினது, இல்லையா டீச்சர்?" என்றார். அவர் பின்னேரம் திரும்பி வருவதாகச் சொல்லிப் போனதும் பிளேட் எடுத்து மையைச் சுரண்டிப் பார்த்தேன். தாள்தான் கிழிந்தது.

அவள் மேலும் இரண்டு வருடம் உள்ளே இருந்தாள். அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தையில் கண்டால் கும்பிட்டுவிட்டுப் போவார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

விடுதலையானதும் அவளே பாடசாலைக்கு வந்தாள். மெலிந்திருந்தாள், தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். வெளியிலிருந்து சோதனை எழுதப்போவதாகவும் விடுகைப் பத்திரம் வேண்டும் என்றும் சொன்னாள். பழைய இடாப்பை எடுத்துப் பார்த்து நான்தான் எழுதவேண்டியிருந்தது. நான் எழுதும்வரை அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"உள்ள இருக்கும்போது காலையில எட்டு மணின்னா நீங்க பேர் கூப்பிடுவீங்கன்னு நெனைப்பேன் டீச்சர். எம் பேர் வந்ததும் மனசுக்குள்ள ‘பிரசன்ட் டீச்சர்’னு சொல்லிக்குவேன். பேர வெட்டல, டீச்சர் வச்சிருக்காங்கன்னு பாக்க வர்ற நேரமெல்லாம் அப்பா சொல்லுவாரு. அதுலதான் பைத்தியம் புடிக்காம இருந்தேன்."

பத்திரத்தை நீட்டினேன். அவள் நின்றபடியே வாசித்தாள். ஓரிடத்தில் கண் நின்றது.

"பேர் நீக்கின திகதின்னு அந்த டிசம்பரப் போட்டிருக்கே டீச்சர்?"

"அது சட்டம், பிள்ளை" என்று சொல்லிவிட்டு, இடாப்பை மூடினேன்.