மின்விசிறியை நிறுத்தச் சொன்னவர்

அம்மாவின் மாத்திரைக்காகக் கண்டியில் கிளினிக் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்து எனக்கு அலுத்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் பன்வில தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். ஐம்பது வயதிருக்கும். அந்தப் புழுக்கத்திலும் தலையையும் காதையும் துவாயால் இறுக்கிச் சுற்றியிருந்தார். வெளியே ஓட்டோ உறுமினாலே கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொள்வார்.

"தங்கச்சி, அந்த ஃபேன கொஞ்சம் நிப்பாட்டுறீங்களா?"

எரிச்சலோடுதான் எழுந்து நிறுத்தினேன்.

"போன வருசம் மலையில கொழுந்து எடுக்கிறப்ப குளவி கொட்டிருச்சு. பக்கத்துல நின்னவ செத்துட்டா. எனக்கு ஒடம்பு நல்லாயிருச்சு. ஆனா குளவி இரையிற மாதிரி எந்தச் சத்தம் கேட்டாலும் நெஞ்சடைக்குது. வேலைக்குப் போறதில்ல, வீட்டு ஜன்னலயும் தெறக்கிறதில்ல."

"டொக்டர் என்ன சொல்றாரு?"

"குளவிக்குப் பயப்படுறது வருத்தம், வியாதியெல்லாம் இல்லையாம். ஃபேனுக்குப் பயந்து வீட்டுக்குள்ளயே கெடக்கிறதுதான் வருத்தமாம். கொஞ்சம் கொஞ்சமா சத்தத்துக்குப் பழகினா சரியாயிருமாம்."

"அப்ப நல்லதுதானே."

"சரியாயிருச்சுன்னா திரும்ப அதே மலைக்குத்தான் போகணும். குளவிக் கூடு இன்னும் அங்க மரத்துலதான் இருக்கு."

அவருடைய நம்பரைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது துவாய் கையில் இருந்தது.

"இப்ப ஃபேன போடுங்க தங்கச்சி. நான் வாசல்ல நின்னு பாக்குறேன்."

போட்டேன். மின்விசிறி முழு வேகம் எடுக்கும்வரை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குச் சீக்கிரம் குணமாக வேண்டும் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.