கட்டில் இலக்கம் எழுதாத படிவம்

சுனாமி வந்த நேரம் நாங்கள் இருவரும் மட்டக்களப்புப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சி டொக்டர்கள். வேலை ஒரே நோயாளர் வோட்டில், விடுதியில் ஒரே அறை. நான் புளியந்தீவில் வளர்ந்தவள். இங்கிலீஷ் வீட்டிலேயே பழகிவிட்டது. அவள் கரடியனாற்றில் வேளாண்மை செய்யும் குடும்பத்திலிருந்து வந்தவள். படிக்கிற காலத்தில் ஒரு பரீட்சையிலும் என்னை முந்தியதில்லை.

காலையில் நோயாளிகளைப் பார்த்து முடிந்ததும் இரத்தப் பரிசோதனைப் படிவங்களை எழுதுவது எங்கள் வேலை. நான் நோயாளியின் பெயரையும் பரிசோதனையின் பெயரையும் எழுதிக் கீழே ஒரு கிறுக்கல் வைப்பேன். அவளோ வயது, கட்டில் இலக்கம், இரத்தம் எடுத்த நேரம், என்ன வருத்தம், என்ன மருந்து என்று ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடமாட்டாள்.

ஒருநாள் ஆய்வுகூடத்திலிருந்து என் படிவம் திரும்பி வந்தது. அதோடு அவள் எழுதிய படிவம் ஒன்றையும் சேர்த்துக் குத்தியிருந்தார்கள். கோபத்தோடு போய்க் கேட்டேன். அங்கே வேலை செய்த காத்தான்குடிக்காரர், வயதில் மூத்தவர், மரியாதையாகத்தான் சொன்னார்.

"கோவிக்காதீங்க டொக்டர். இவ எழுதுற மாதிரி எழுதினா எங்களுக்குக் கரைச்சல் இல்ல."

எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு வேலை குறைவு, அதனால்தான் படிவத்தில் சித்திரம் கீறுகிறாள் என்று தாதி மிஸிமாரிடம் சொல்லித் திரிந்தேன். ஆய்வுகூடத்துக்குப் போகும்போதெல்லாம் அவளுடைய படிவங்களைப் புரட்டிப் பிழை தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

கடல் வந்த பிறகு வோட் நிரம்பி வழிந்தது. ஒரே பெயரில் இரண்டு பெண்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் கிடந்தார்கள். ஒருத்தியை நான் பார்த்தேன், மற்றவளை அவள் பார்த்தாள். என் படிவத்தில் பெயர் மட்டும்தான் இருந்தது. யாருடைய இரத்தம் என்று தெரியாமல் பரிசோதிக்க முடியாது என்று ஆய்வுகூடத்தில் மறுத்துவிட்டார்கள். அவளுடைய படிவத்துக்கு மத்தியானமே முடிவு வந்தது.

என் நோயாளி ஆரையம்பதிப் பெண். இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவள். நான் திரும்பவும் ஊசியோடு போய் நின்றபோது ஏனென்று கேட்காமல் கையை நீட்டினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு முன்னால் வந்தது, பக்கத்துக் கட்டிலுக்கு மட்டும் முடிவு வந்துவிட்டதே என்ற பொறாமை.

யுத்தம் முடிந்த காலத்தில் மறுபடியும் ஒரே ஆஸ்பத்திரியில் சேர்ந்தோம். படிவங்களை எப்படி எழுத வேண்டுமென்று புதிய டொக்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவளைத்தான் கேட்டார்கள். தெற்கிலிருந்து வந்த சிங்களவர்களும் இருந்ததால் இங்கிலீஷில் பேச வேண்டும். அவள் தடுமாறுவதைப் பார்க்கும் ஆசையில் பின்வரிசையில் போய் இருந்தேன். தடுமாறத்தான் செய்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அது முடிந்து கன்டீனில் இருந்தபோது என்னால் அடக்க முடியவில்லை.

"உன்னில எனக்குக் கன காலமா எரிச்சல். தெரியுமா?"

"தெரியும்கா," என்றாள், தேத்தண்ணியை ஊதியபடி. "எனக்கும் உன்னில இருந்தது."

"என்னிலயா? ஏன்?"

"ஆய்வுகூடத்துப் பெரிய டொக்டரோட நீ ஃபோனில படபடவெண்டு இங்கிலீஷ் கதைப்பாய். எனக்கு அந்த ஃபோன் அடிச்சாலே பயம். படிவத்தில ஏதும் குறைஞ்சா அவர் ஃபோன் எடுத்து இங்கிலீஷில கேப்பார். கேக்காம இருக்கட்டுமெண்டுதான் எல்லாத்தையும் எழுதி வைச்சன்."

இருவரும் சிரித்தோம். மனம் லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

மறுநாளிலிருந்து நானும் எல்லாக் கட்டங்களையும் நிரப்பத் தொடங்கினேன். மாதக் கணக்காகியும் ஆய்வுகூடத்திலிருந்து ஒருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுடைய படிவத்தை மட்டும் மெச்சினார்களே என்றுதான் இன்றைக்கும் மனதில் இருக்கிறது.