காவலுக்கு நாலு ஆம்பளைக் குரல்

“ஒரு டிவிக்கு எதுக்கு ரெண்டு கனெக்‌ஷன்னு கேக்கறதுக்குத்தான் லீவு போட்டுட்டு வந்தயா கண்ணு? உனக்கெதுக்கு அதெல்லாம்? உங்க காலேஜ்ல பரீட்சைக்கு இதைத்தான் கேக்கறாங்களா? போ, போய்க் கைகால் கழுவு. எல்லாமே இவளுக்குத் தெரிஞ்சாகோணும்!”

மகள் வயிற்றுப் பேத்தி நகரவில்லை. டிவிக்குப் பின்னால் தொங்கும் இரண்டு ஒயர்களையும் விரலால் தூக்கிக் காட்டிக்கொண்டே நின்றாள். ஒன்று மொட்டைமாடியில் இருக்கும் டிஷ்ஷிலிருந்து இறங்குவது. இன்னொன்று நெட்டுப் பெட்டியிலிருந்து வருவது. இரண்டில் ஒன்று தண்டம் என்கிறாள்.

“உங்க மாமங்கிட்டச் சொல்லமாட்டேன்னு சொல்லு. அப்பறம் சொல்றேன்” என்றேன். என் கையிலடித்துச் சத்தியம் செய்தாள்.

எங்கள் வீடு கருமத்தம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி, தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்து வீடு கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் அப்படிக் கூப்பிடுவதற்கு நமக்குத் தொண்டையில் சத்தம் மிச்சமிருக்க வேண்டும். வீட்டுக்காரர் போன பிறகு நானும் இரண்டு எருமையும் ஒரு நாயும்தான். நாயைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். பிஸ்கட் போட்டால் அது யார் பின்னாலும் போகும்.

தோட்டத்து வீடுகளில் தனியாக இருக்கும் வயசானவர்களுக்கு என்னவெல்லாம் நடக்கிறது என்று செய்தியில் காட்டுகிறார்கள். நம் வீடு மாதிரியே ஓட்டு வாசல், நம் கொடி மாதிரியே துணிக்கொடி, உள்ளே கலைந்து கிடக்கும் பீரோ. அதைப் பார்த்த நாளிலிருந்து, பொழுது சாய்ந்த பிறகு ஒரு தென்னமட்டை விழுந்தாலும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவேன்.

இதை மகனிடம் சொல்ல முடியாது. சொன்னால் மறுநாளே எருமைகளை விற்று, வீட்டைப் பூட்டி, பீளமேட்டில் அவன் இருக்கும் அபார்ட்மென்டில் நாலாவது மாடியில் என்னை ஏற்றிவிடுவான். அங்கே கொஞ்ச நாள் இருந்து பார்த்தவள்தான் நான். லிஃப்டில் ஏறினால் எல்லாரும் நம்பரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ‘சாப்டீங்களா’ என்று ஒரு வார்த்தை கிடையாது. நான் கேட்டதற்கு ஒரு பெண் பயந்துபோய் மூன்றாவது மாடியிலேயே இறங்கிக்கொண்டாள்.

அதனால் என் பயத்தை நானே பார்த்துக்கொண்டேன். வீட்டுக்காரர் செருப்பு வாசலிலேயே கிடக்கும். அவ்வப்போது அதில் கொஞ்சம் சேறு பூசி வைப்பேன். கொடியில் அவர் சட்டை ஒன்று ஈரமாகத் தொங்கும். உயிரோடு இருந்தபோதுகூட அவருக்கு நான் இத்தனை சட்டை துவைத்ததில்லை. விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை, ஊருக்கே கேட்கிற மாதிரி, “ஏனுங்க, சாப்பிட வாங்க!” என்று சத்தம் போடுவேன். வேலியோரம் யாராவது நின்றால் வீட்டில் ஆம்பளை இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளட்டும். அவர் பெயரை நான் எப்போதும் சொன்னதில்லை. இப்போதும் அதே மரியாதைதான்.

ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய காவல் டிஷ்தான். நியூஸ் சேனலைப் போட்டால் போதும், நாலு ஆம்பளைகள் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். எதற்குச் சண்டை, யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அடுப்படியில் இருந்தாலும், தூங்கிப் போனாலும் அவர்கள் நிறுத்துவதில்லை. வெளியிலிருந்து கேட்டால் வீடு நிறையப் பங்காளிகள் வந்து பாகம் பிரிக்கிற மாதிரி இருக்கும். எந்தத் திருடன் அதற்குள் வருவான்? சீரியல் மட்டும் வைக்கவே மாட்டேன். அதில் பொம்பளைகள் அழுகிறார்கள். கேட்கிறவனுக்குத் தைரியம் வந்துவிடும்.

இந்தக் காவலைத்தான் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நிறுத்தப் பார்த்தான். அந்தியூர்ச் சந்தையில் மாடு பிடிக்கப் போனவன் பல்லையும் சுழியையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பானே, அப்படிப் போனில் ஒவ்வொரு பேக்கேஜாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அம்மா, நீ பாக்காத சேனலுக்கெல்லாம் சேத்து டிஷ்ஷுக்கு ரீசார்ஜ் போட்டுட்டு இருக்கறோம். நெட்டுன்னா வேணுங்கற படத்தை வேணுங்கறப்பப் பாக்கலாம். வெளம்பரமே வராது.”

“வெளம்பரம் எனக்குப் புடிக்குஞ் சாமி.”

“வெளம்பரத்தைப் போயி ஆராச்சும் புடிக்கும்பாங்களா?”

“நல்லாச் சத்தமா வருமில்ல?”

“நெட்டுலயும் சத்தம் வரும்மா.”

“மழை வந்தா நின்னுபோச்சுன்னா?”

“மழைக்கு நிக்கறது டிஷ்ஷுதான். நெட்டு நிக்காது.”

அவன் சொன்னதெல்லாம் சரி. நான் கேட்க நினைத்தது வேறு. நான் தூங்கிப் போனாலும் அது பேசிக்கொண்டே இருக்குமா என்று கேட்க வேண்டும். கேட்டால் ஏன் என்பான்.

“இதைக்கூட உன்னால ஓட்ட முடியலீன்னா பேசாம எங்ககூடவே வந்துரும்மா” என்றான்.

வெடுக்கென்று ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டேன். “ஓட்டறேன், ஓட்டறேன். உங்கூர் ஏரோப்ளேனா என்ன, ஓட்ட முடியாமப் போறதுக்கு?”

டிஷ் ஒயரைக் கழற்றி நெட்டை மாட்டிவிட்டுப் போனான். மாடியில் இருக்கும் டிஷ்ஷைக் கடைக்காரர் வந்து கழற்றிக்கொண்டு போவார் என்றான். எப்போது வருவார் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாளென்றால் தூரத்துத் தறிக்குடோன் சத்தமாவது கேட்டுக்கொண்டிருக்கும். ஞாயிறு தறிக்கு லீவு. நெட்டில் நியூஸ் எந்தப் பொத்தானில் இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. மீசை வைத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிற ஒரு தொடராகப் பார்த்து மத்தியானமே போட்டுவிட்டேன். ஒன்று முடிந்தால் இன்னொன்று தானாகவே வந்தது. பரவாயில்லையே, இவனுகளும் கத்துகிறானுகளே என்று நிம்மதியாகப் பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து, அரிசிம்பருப்பு சோற்றுக்குக் குக்கரை வைத்தேன். வானம் மூடிக்கொண்டு வந்தது.

குக்கர் விசில் அடங்கியதும் ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. சத்தம். டிவியில் சத்தமே இல்லை.

கரண்டியோடு முன்னறைக்குப் போனேன். லைட் போடாத அறையில் டிவி மட்டும் மங்கலாக எரிந்தது. அதில் ஒரு வரி. எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?’

ரொம்ப நேரம் ரிமோட்டைத் தொடாவிட்டால் நெட்டு தானாக நின்று இப்படிக் கேட்குமாம், அன்றைக்கு எனக்கு அது தெரியாது. யாரும் இல்லாத வீட்டில் யார் என்னைக் கேட்கிறார்கள்? இன்னும் இருக்கிறாயா என்று கேட்ட மாதிரி இருந்தது எனக்கு. ரிமோட்டைத் தேடினேன். கைக்கு அகப்படவில்லை.

அப்போதுதான் தலைக்கு மேலே கேட்டது. மொட்டைமாடியில் நடக்கிற சத்தம். செருப்புக் காலில்லை, வெறுங்கால். நாலெட்டு நடந்து நின்றது. பிறகு இரும்பை இரும்பால் நெம்புகிற சத்தம். மாடிப்படி வீட்டுக்கு வெளியே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் ஏறலாம். நாய் குரைக்கவில்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. நாயை என்ன செய்துவிட்டார்கள்?

செய்தியில் காட்டிய பீரோ கண்ணுக்கு முன்னால் வந்தது. முன்கதவுத் தாழ்ப்பாள் போட்டேனா இல்லையா என்று ஞாபகமில்லை. போய்ப் பார்க்கக் கால் வரவில்லை. இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தேன். பச்சைப் பொத்தானை அழுத்தினால் மகன். அழுத்தவும் விரல் போனது. அழுத்தினால் அவன் போலீசை அனுப்புவான், பக்கத்துத் தோட்டத்துக்காரரை அனுப்புவான், விடிந்ததும் எருமைக்கு வியாபாரியையும் அனுப்புவான். திருடனிடமிருந்து தப்பித்தாலும் லிஃப்டிலிருந்து தப்பிக்க முடியாது. விரலை எடுத்துவிட்டேன்.

எனக்கு வேறு என்ன தெரியும்? இருக்கிற மூச்சையெல்லாம் இழுத்துக் கத்தினேன்:

“ஏனுங்க! சாப்பிட வாங்க!”

மேலே நெம்புகிற சத்தம் நின்றது. கொஞ்சம் கழித்து ஒரு ஆம்பளைக் குரல், ரொம்ப மரியாதையாக வந்தது.

“இல்லீங்க, இருக்கட்டுங்க. இப்பத்தான் சாப்டுட்டு வந்தேனுங்க.”

செத்தவர் பதில் சொல்கிறார் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். கரண்டி ஒரு பக்கம் விழுந்தது, நான் ஒரு பக்கம் விழுந்தேன். நான் போட்ட சத்தத்தில் எருமை இரண்டும் கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றன.

தடதடவென்று படியிறங்கி ஒருவர் வாசலில் வந்து நின்றார். கையில் ஸ்பேனர். பக்கத்தில் என் நாய், வாயோரத்தில் பிஸ்கட் தூளோடு வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

“அம்மா, பயந்துபோட்டீங்ளா? நானுங்க, டிஷ்ஷுக் கடை. உங்க பையன் கழட்டச் சொல்லியிருந்தாருங்க.”

“வந்தா வாசல்ல ஒரு சத்தங் குடுக்கறதில்லையா சாமி?”

“குடுத்தேனுங்க. உள்ள குக்கர் விசிலடிச்சுது, கேட்டிருக்காது போல. டிவிச் சத்தமே இல்லீங்க, முன்னாடி லைட்டும் இல்லீங்க. அடுப்புல வெச்சுப்போட்டு எங்கியோ போயிருக்கறீங்கன்னு நெனச்சுட்டேன். மழைக்கு முந்திக் கழட்டீரலாம்னு செருப்பைக் கீழ உட்டுட்டு ஏறிட்டனுங்க.”

டிவிச் சத்தமே இல்லீங்க. அந்த வார்த்தையைக் கேட்டதும் திரும்பி, உள்ளே மங்கலாக எரிகிற டிவியைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிற நல்ல மனுசனுக்கே ஆளில்லை என்று தோன்றியிருக்கிறது. வேறொருவன் வந்திருந்தால்?

“அதை மறுபடியும் மாட்டுங்க” என்றேன்.

“சார் கழட்டச் சொன்னாருங்களே?”

“உங்க சாரு என்ற வயித்துல பொறந்தவன். நாஞ் சொல்றேன், மாட்டுங்க. மாட்டீட்டு வந்து சோத்துக்கு உக்காருங்க.”

“சாப்டுட்டுத்தானுங்கம்மா வந்தேன்...”

“அப்படித்தான் எல்லாருஞ் சொல்லுவோம். ஏறுங்க மேல.”

அவர் ஏறி முடுக்கிக்கொண்டிருக்கும்போது வேலிப்பக்கம் டார்ச் வெளிச்சம் ஆடியது. என் சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அவர் சம்சாரமும் ஓடி வந்துவிட்டார்கள். அவர் கையில் அரிவாள்.

“டேய்! ஆர்றா அவன் மேல? எறங்குடா கீழ!”

“கத்தாதீங்க, அது டிஷ்ஷுக்காரருங்க!” என்று குறுக்கே போய் நின்றேன். மேலே இருந்தவர் ஸ்பேனரோடு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார், பாவம்.

“அப்ப எதுக்குங்க்கா அப்படியொரு சத்தம் போட்டீங்க?” என்றாள் அந்த அம்மணி. “எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. உங்க பையனுக்குப் போன் பண்ணிச் சொல்லீரட்டுங்ளா?”

என் ஈரக்கொலை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நான் சொன்னால் மகன் நம்பமாட்டான், இவள் சொன்னால் அப்படியே நம்புவான். அதனால் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, கவனமாகச் சொன்னேன்:

“நல்லாச் சொல்லு அம்மணி, மறக்காமச் சொல்லு. அவன் மாட்டிக் குடுத்த நெட்டுல பேய்ப்படம் தானா வந்துது, பாத்துட்டுக் கத்திப்போட்டேன். வயசானவங்களுக்கு அது ஆகாது போல, நெஞ்செல்லாம் படபடங்குது. டிஷ்ஷுல நாலு பேரு சண்டை போடறதப் பாத்தா எனக்கு ஒண்ணும் பண்றதில்ல. நெட்டை அவன் வந்தாப் பாக்கட்டும், எனக்கு டிஷ்ஷு இருந்தாப் போதும்னு சொல்லீரு. அந்த அருவாளக் கீழ வைக்கச் சொல்லு உங்கூட்டுக்காரர. விருந்துக்கு வந்த ஒறம்பரை மாதிரி நின்னுட்டே இருக்கறீங்களே, உள்ள வாங்க, அரிசிம்பருப்பு சூடா இருக்குது. சித்த நேரம் இருந்து சாப்டுட்டுப் போங்க. அவசரமில்ல, மெதுவாவே போலாம்.”