ரங்கூனிலிருந்து வந்த அத்தாட்சி

ஆடி அமாவாசைக்கு முந்தின நாளே என் அம்மாவைக் கைம்பெண்ணாக்க எல்லா ஏற்பாடும் முடிந்திருந்தது. ஏற்பாட்டைச் செய்தவர் என் சித்தப்பா. கெட்டவர் இல்லை. அவசரக்காரர், பஸ் நிற்பதற்கு முன்பே குதித்து முட்டியைப் பெயர்த்துக்கொள்கிற ரகம்.

அறுபதுகளின் நடுவில், ரங்கூனில் அரிசி மில்லில் வேலை பார்த்த அப்பாவிடமிருந்து கடிதம் வருவது நின்றுபோனது. அங்கே ஆட்சி மாறி, நம்மவர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அப்பாவை மட்டும் காணோம். மில் கணக்குக் கேட்டு ராணுவத்தார் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றார் ஒருவர். காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றார் இன்னொருவர். சித்தப்பா இரண்டாவதை நம்பினார். அண்ணன் ஆத்மா தண்ணீருக்குத் தவிக்குமே என்று அவருக்கு நிஜமாகவே தூக்கம் வரவில்லை.

அம்மா நம்பவில்லை. தர்ப்பணம் கொடுக்கிற வீட்டு வாசலில் அமாவாசைக் காலையில் கோலம் போட மாட்டார்கள். அம்மா வேண்டுமென்றே தெருவை அடைத்துப் போடுவாள். ஊரே அதைச் சுற்றிக்கொண்டு நடக்கும்.

அந்த ஆடியில் அவளும் களைத்துவிட்டாள். திருவள்ளூர் குளக்கரைப் புரோகிதரிடம் சொல்லியாயிற்று. அங்கிருந்து திரும்பியதும் தாலியைக் கழற்ற வேண்டும். சரி என்றும் சொல்லாமல் மாட்டேன் என்றும் சொல்லாமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பதினாறு வயது. சித்தப்பாவை அடித்துவிடலாம் போலிருந்தது.

அன்று மத்தியானம் திருவாலங்காடு ஸ்டேஷனில் இறங்கி, வீட்டை விசாரித்துக்கொண்டு ஓர் ஆள் வந்தார். ஒட்டிய கன்னம், கசங்கிய கைலி. கும்மிடிப்பூண்டிப் பக்கம், ரங்கூனிலிருந்து திரும்பியவர்களுக்கான முகாமில் தங்கியிருப்பதாகச் சொன்னார்.

“உங்க ஊட்டுக்காரரு உயிரோட கீறாரும்மா. போன மாசம் வரைக்கும் ஜெயில்ல ஒரே ரூம்ல இருந்தோம். என்னைய வுட்டுட்டாங்க, அவர இன்னும் வுடல.”

சித்தப்பா குறுக்கே வந்தார். “டப்பு கேட்டுக்கினு இந்த மாதிரி ஆளுங்க வர்றது சகஜம். இன்னா அத்தாட்சி?”

“கடுதாசி, போட்டோ எல்லாத்தியும் கப்பலாண்டயே புடுங்கிக்கிறாங்க. அதனால ஊட்ல மட்டும் தெரிஞ்சதா ஆளுக்கு ஒண்ணு சொல்லி அனுப்சிகீறாங்க.” அம்மாவைப் பார்த்துத் தயங்கினார். “தப்பா நெனைக்காதீங்க. கண்ணாலம் ஆன புதுசுல, மாமியாரோட பித்தளக் கொடத்த கழனிக் கெணத்துல வுட்டது நீங்க. திருடன் தூக்கினு போய்ட்டான்னு ஊட்ல சொன்னது அவரு.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அவளும் அப்பாவும் தவிர வேறு யாருக்கும் தெரியாத விஷயம் அது. அழுகை அப்புறம்தான் வந்தது.

“அந்தக் கொடத்த தேடிக்கினு நான் பள்ளிப்பட்டு சந்த வரைக்கும் போனேனே அண்ணி,” என்றார் சித்தப்பா. கண் கலங்கியிருந்தது. உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு, தர்ப்பணம் வேண்டாமென்று புரோகிதரிடம் சொல்லக் கிளம்பினார். அதிலும் அவசரம்தான், செருப்பைக் கூட மாட்டவில்லை. அன்றோடு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எனக்குப் போய்விட்டது.

வந்தவர் சோற்றை மளமளவென்று சாப்பிட்டார். இன்னும் சில வீடுகளுக்குப் போக வேண்டுமாம். ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் சொன்னதோடு கலந்துவிடக் கூடாதென்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வருகிறாராம். அதைக் கேட்டதும் அம்மா பேச்சுக் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். பேர் கூடக் கேட்கவில்லை. அவர் தெருமுனை திரும்பும் வரை கும்பிட்டபடி நின்றிருந்தாள்.

மறு வருஷம் பொங்கலுக்கு முன்னால் அப்பா வந்து சேர்ந்தார். வந்த அன்றே அம்மா அந்த மனிதரைப் பற்றித்தான் கேட்டாள். முகாமில் விசாரித்தும் ஆள் கிடைக்கவில்லை, அவர் பெண்டாட்டி பிள்ளைகளையாவது பார்த்து ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டாமா, அவர்கள் எந்த ஊர் என்றாள்.

“அவருக்கு இந்தப் பக்கம் யாருமே இல்ல,” என்றார் அப்பா. “அங்கயே பொறந்து வளந்தவரு. வுடப்போறாங்கன்னு தெரிஞ்சதும் எங்க எல்லாரையும் குந்த வச்சாரு. எனக்கு தேடிக்கினு போவ ஊடு கெடையாது, உங்க ஊட்டுக்குப் போறேன், சேதியக் குடுங்கன்னு ஒவ்வொருத்தரா கேட்டு வாங்கிக்கினாரு.”