அவன் குரலில் என் வரிகள்

நாங்கள் மூன்று பேர். என் நண்பன் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவான், அவனுடைய பெரியம்மா மகன் பேஸ் கிட்டார், நான் டிரம்ஸ். யாராவது கேட்டால் 'பாப் பங்க்' என்போம். விருத்தாசலத்தில் அதற்கு அர்த்தம், வேகமாகக் கத்துவது. மூடிக்கிடந்த ஒரு பீங்கான் கம்பெனியின் கிடங்கில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கத்தினோம். சுவரோரம் உடைந்த பொம்மைகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும்.

வரிகள் எல்லாம் நான் எழுதியவை. இந்த ஊரை விட்டு ஓடவேண்டும் என்ற வெறி எனக்குத்தான். அவனுக்கு ஜங்ஷன் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை இருந்தது. மதியம் கடையைப் பாதி மூடிவிட்டு, பொம்மைக்கு வர்ணம் அடிக்கும் அம்மாவோடு வீட்டில் சாப்பிடுவான். அது போதும் அவனுக்கு.

நாங்கள் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு சென்னையிலிருந்து ஒரு அக்கா பேசினார். தனி ஆளாக, பாட்டு ஆல்பங்கள் வெளியிடும் ஒரு சின்ன லேபிள் நடத்துகிறவர். "முதல் ஆல்பத்த நானே வெளியிடுறேன்" என்றார். அன்று மூவரும் கிடங்குக்குள் குதித்த குதியில் ஒரு மூட்டை சரிந்தது.

வாடகை மைக் வைத்து எட்டுப் பாட்டுகளைப் பதிவு செய்தோம். ஒன்பதாவதை ஒரு தடவை சும்மா பாடிப் பார்த்தான். "அடுத்த ஞாயிறு சரியா பாடிடுறேன்டா" என்றான். வியாழக்கிழமை கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் அவன் பைக்கில் ஒரு டிராக்டர் மோதியது.

அவன் இறந்து ஒரு மாதம் கழித்து அந்த அக்கா கேட்டார்: "கடைசிப் பாட்ட வேற யாராவது பாடணுமா, இல்ல இருக்கிறதையே போடலாமா?"

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். பாட்டு முடிந்த பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அவன் தண்ணீர் குடிக்கிறான், தொண்டையில் இறங்கும் சத்தம்கூடக் கேட்கிறது. பிறகு என்னிடம், "இதக் கேட்டா எங்கம்மா எதாச்சும் நெனச்சுக்குமாடா?" என்கிறான். நான் சிரிக்கிறேன். பதில் சொல்லவே இல்லை. அவன் அப்படிக் கேட்டது எனக்கு நினைவிலேயே இல்லை.

அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் அனுப்பினேன்.

ஆல்பம் வந்தது. எங்கெங்கோ இருந்து முகம் தெரியாதவர்கள் நன்றாக இருக்கிறது என்று எழுதினார்கள். ஒரு மதியம் அவன் அம்மா கூப்பிட்டனுப்பினார். போனேன். வர்ணம் காயாத கைகளோடு உட்கார்ந்திருந்தார். அவன் போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த ஊர வுட்டுப் போவணும்னு இப்புடிக் கத்துறானே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேப்பா."

"அது நான் எழுதுனதும்மா. அவன் சும்மா பாடுனான், அவ்வளவுதான்."

"சும்மா பாடுனா தொண்ட இப்புடி அடைக்காது."

கடைசிப் பாட்டு முடிந்தது. அவர் போனைக் காதருகில் வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"டக்குனு நின்னுடுது. இதுக்கப்புறம் அவன் எதுவும் பேசலியா?"

"இல்லிங்கம்மா" என்றேன்.

அவர் மறுபடியும் முதல் பாட்டைப் போட்டார். என் சட்டைப்பையில் இருந்த போனை நான் கையால் அழுத்திப் பிடித்திருந்தேன். வெட்டிய அந்தத் துண்டு அதில்தான் இருந்தது. இன்றுவரை அதை அழிக்கவும் முடியவில்லை, அவரிடம் போட்டுக் காட்டவும் முடியவில்லை.