கிளரன்ஸ் மாஸ்டரின் அடிபடாத ஈக்கள்

கலியாணக் கட்டிலில் தொங்கும் நுளம்புவலைக்குள் புருசன் ஈ வளர்த்தால் எந்தப் பெண்தான் பொறுப்பாள்? அரியாலைக் கிளரன்ஸ் மாஸ்டரின் மனைவி வினிபிரட் நாலு மாதம் பொறுத்தாள். பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு உடுவிலில் தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். இது நடந்தது அறுபத்திரண்டாம் ஆண்டு.

மாஸ்டர் படிப்பித்தது விலங்கியல். கூர்ப்பு என்கிற பரிணாமம் வெறும் புத்தகக் கதையல்ல, கண்ணாலே காட்டலாம் என்பது அவருடைய பிடிவாதம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பனையோலை விசிறியோடு வலைக்குள் புகுந்து ஈ அடிப்பார். செத்தது செத்ததுதான், தப்பியதைப் போத்தலில் போட்டு, வாழைப்பழம் கொடுத்துப் பெருக விடுவார். பெருகியதை மறுபடி அடிப்பார். கடைசியில் மிஞ்சிய பரம்பரை, விசிறியைத் தூக்கும்போதே பறந்துவிட்டது. மனுசனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அதைச் சொல்லத்தான் வீட்டில் ஆளில்லை.

மாமனார் செல்வத்துரை உபதேசியார் ஒரு நிபந்தனை போட்டார். அறுவடைத் திருநாளன்று வேதக்கோயில் மண்டபத்தில், காணிக்கைப் பொருட்களின் ஏலம் முடிந்த பிறகு, வாலிபர் சங்கத்தின் விவாதம். "கூர்ப்பை விஞ்ஞான முறையில் நிரூபிக்க முடியுமா?" என்பது தலைப்பு. முடியாது என்று பேசப்போவது உபதேசியார்.

"சபைக்கு முன்னாலை காட்டினீரெண்டால் என்ரை பிள்ளையை நானே கொண்டுவந்து விடுறன். காட்டாட்டில் உந்த ஈயையும் விட்டு, விலங்கியலையும் விட்டு, வேதபாடம் படிப்பியும்."

மாஸ்டருக்கு வேதபாடத்தில் பயமில்லை. வினிபிரட் இல்லாத வீட்டை நினைத்தால்தான் பயம்.

திருநாளன்று ஒப்பிட்டுக் காட்ட இரண்டு போத்தல் கொண்டுபோனார். சாதாரண ஈக்களின் போத்தலுக்குப் பழைய பேப்பர் சுற்றினால் போதும். அடிபடாத ஈக்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? வினிபிரட் பூவேலை செய்த துணியால் அந்தப் போத்தலைச் சுற்றினார். இரண்டையும் மண்டப மேசையில் வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் பேச்சைப் பாடமாக்கப் போனார். திருநாளன்று அந்த மேசையில் துணி சுற்றி எதை வைத்தாலும் அது காணிக்கை; ஏலத்தில் போய்விடும். சிறுவயதிலிருந்து பார்த்தவருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் தலைக்குள்ளே முழுக்க ஈ.

"இந்தா ஜாம் போத்தல்! தையலைப் பாருங்கோ!" என்று ஏலம் கூறியவர் தூக்கிக் காட்டினார்.

மகளின் கைவேலையை உபதேசியார் கண்டுகொண்டார். வேறொருவன் கொண்டுபோக விடுவாரா? விலையை ஏற்றி ஏற்றி, எடுத்துப் பைக்குள் வைத்தார். வினிபிரட் வெட்கத்தில் திருநாளுக்கே வரவில்லை, வந்திருந்தால் தடுத்திருப்பாள்.

விவாதம் தொடங்கியபோது மேசையில் பேப்பர் சுற்றிய போத்தல் மட்டும் இருந்தது. மாஸ்டர் மேசைக்கடியில் தேடினார், ஆர்மோனியத்துக்குப் பின்னால் தேடினார். வேறு வழியில்லாமல் இருந்ததைத் திறந்தார். உபதேசியார் பாட்டுப் புத்தகத்தால் ஒரு போடு போட்டார். இரண்டு ஈ சப்பளிந்து விழுந்தன.

"இந்தா கிடக்குது உம்மடை கூர்ப்பு!"

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு போன மாஸ்டரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை உபதேசியார் பாண் ரொட்டியை வெட்டி வைத்துக்கொண்டு, ஆசையாக ஜாம் போத்தலைத் திறந்தார்.

மத்தியானம் வினிபிரட் பெட்டியோடு அரியாலை வாசலில் நின்றாள்.

"ஈயெல்லாம் துலைஞ்சு போச்சுது, வினி. நான் தோத்துப்போனன்," என்றார் மாஸ்டர்.

"துலையேல்லை. எல்லாம் அப்பா வீட்டிலைதான் பறக்குது. இஞ்சை ஒண்டுமில்லையெண்டுதான் வந்தனான்."

பின்னேரம் உபதேசியாரும் வந்து சேர்ந்தார். ஈ அடிக்கப்போய்த் தன் கன்னத்தில் தானே அடித்து முகம் வீங்கியிருந்தது.

"தம்பி, விசிறியாலை அடிச்சன், செருப்பாலை அடிச்சன், செபமும் பண்ணிப் பாத்தன். ஒண்டும் சாகுதில்லை. உதென்ன பிசாசு ஈ?"

"கூர்ப்பு, மாமா."

உபதேசியார் வீங்கிய கன்னத்தைத் தடவினார். பிறகு, "சரி, ஒத்துக்கொள்ளுறன். ஆனால் சபையிலை சொல்லமாட்டன்," என்றார்.

"அப்ப திரும்பி அந்த வீட்டிலையே போய்ப் படுங்கோ அப்பா," என்றாள் வினிபிரட்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடியும் நேரம் உபதேசியார் எழுந்து நின்றார்.

"சபையாரே, என்ரை மருமகன் சொன்னது மெய். நம்பாதவை பின்னேரம் என்ரை வீட்டை வந்து சோதிச்சுப் பாக்கலாம். வரேக்கை ஆளுக்கொரு விசிறி கொண்டு வாங்கோ."